சத்தியபாய் வண்ணம் தீட்டிய குதிரைப்படை

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து பங்களாவில் ஞானசிங் பட்லராக இருந்தான். அவன் மனைவி சத்தியபாய் நெய்யூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு மிஷன் தையல் கூடத்தில் துணியில் பூவேலை செய்தவள். அரிசிமணி அளவு இலையைக்கூட அவள் நரம்போடு தைத்துவிடுவாள் என்று ஞானசிங் எங்கோ பெருமையடித்தது தோட்டத்துச் சொந்தக்காரரான வெள்ளைக்கார துரையின் காதுக்குப் போனது. 1927ஆம் வருஷம் துரை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

பெல்லாமி துரை முன்பு குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். மெசபடோமியாவில் குண்டுபட்டதிலிருந்து அவருடைய வலது கை நடுங்கும். யுத்தம் முடிந்ததும் சர்க்கார் குதிரைப்படைகளை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்தது. அதில் அவருடைய படை பெயரே இல்லாமல் போயிற்று. அவரும் வேலையை விட்டு மலைக்கு வந்து ரப்பர் போட்டார்.

சனிக்கிழமைதோறும் பக்கத்துத் தோட்டத்து துரை ஒருவர் வருவார். இருவரும் பெரிய மேஜையில் ஈயப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை விளையாடுவார்கள். பொம்மைகள் சீமையிலிருந்து வெறும் ஈயமாக வரும். அவற்றுக்கு வண்ணம் தீட்டத் துரைக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

சத்தியபாய் ஒரு குதிரைக்காரனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய நடுவிரல் உயரம்தான் இருந்தான்.

"எல்லாருக்கும் ஒரே நிறமா துரை?"

"சட்டை ஒண்ணு. தலைப்பாகை வேறே வேறே," என்றார் துரை.

பிறகு அவர் விளக்கினார். படையில் நாலு பிரிவுகள். ஒன்றில் சீக்கியர், ஒன்றில் பஞ்சாபி முஸ்லிம்கள், ஒன்றில் ஜாட்கள், ஒன்றில் ராஜபுத்திரர்கள். எல்லாருக்கும் முழங்கால் வரை கருநீலக் குர்த்தா, இடுப்பில் சிவப்புத் துணி, வெள்ளைக் கால்சட்டை, காலில் நீலப் பட்டி. ஈட்டி முனையில் மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாகக் கொடி. பஞ்சாபி முஸ்லிம்கள் கூம்புத் தொப்பியைச் சுற்றித் தலைப்பாகை கட்டுவார்கள், நடுவில் தொப்பியின் முனை தெரியும். சீக்கியர்களுக்கு அது கிடையாது. யுத்தத்தில் எல்லாரும் காக்கிதான் போட்டார்கள். ஆனால் மேஜைமேல் அவருக்குப் பழைய அணிவகுப்பு உடுப்பே வேண்டும்.

இரண்டு வருஷம் அவள் தீட்டினாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஊசியில் கோக்க நூலை உதட்டில் ஈரமாக்கிக் கூராக்குவது அவளுடைய பழைய பழக்கம். பிரஷையும் அப்படியே வாயில் வைத்துக் கூராக்கினாள். வெள்ளைக் கால்சட்டைகளுக்கு அடிக்கடி கூராக்க வேண்டியிருந்தது.

முதலில் வயிற்றில் பிசைகிற மாதிரி வலி. கஷாயம் குடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் சோற்றுப்பானையை இறக்கப்போனவளுக்கு வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது.

"இஞ்ச வாருங்க, எனக்க கை நிமிரல்ல!"

ஞானசிங் ஓடிவந்து கையைத் தூக்கிப் பிடித்தான். விட்டதும் அது மறுபடி தொங்கியது. "ஏட்டி, என்னத்தச் செஞ்ச நீ?" என்றான், பயத்தில்.

துரை தன் காரிலேயே அவளை நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். விளிம்பில் நீலக்கோடு ஓடியிருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். வெள்ளைப் பெயின்டில் ஈயம் இருக்கிறது, அதைத்தான் தினமும் தின்றிருக்கிறாய் என்றார். இனி பிரஷைத் தொடக்கூடாது, கை மெதுவாகத் திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது.

செய்தி கேட்ட துரை பெயின்ட் டப்பாக்களைக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். மாதக்கணக்கில் பங்களாவிலிருந்து சத்தியபாய்க்குப் பாலும் முட்டையும் வந்தன.

இதற்குள் ரப்பர் விலை விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து துரை தோட்டத்தை மூடிவிட்டுச் சீமைக்குப் போனார். பெல்லாமி துரைக்கு விளையாட ஆளில்லை. சில வாரங்கள் தானே இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தார். பிறகு சத்தியபாயைக் கூப்பிட்டார். கட்டை உருட்ட இடது கை போதும் என்றார்.

"துரைக்கூட ஒரே மேஜையில இருந்து கட்டை உருட்டவா? கோயில்ல என்ன சொல்லுவாவ?" என்றான் ஞானசிங்.

"சொல்லட்டு. சும்மா கெடந்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

ஞாயிறு ஜெபத்துக்கு வந்தவர்கள் கோயிலில் பேசத்தான் செய்தார்கள். அவள் போனாள். மாதக்கணக்கில் தோற்றாள். அடிபட்டவனைப் படுக்க வைக்க வேண்டும் என்பது விதி. துரை எப்போதும் நீலப்படையைத் தானே வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் எதிர்ப்பக்கத்துப் பொம்மைப் பீரங்கிகளுக்கு நேராகப் பாயவிடுவார். ஜெயித்தாலும் பாதிப்பேர் கிடப்பார்கள். ஒவ்வொரு முறையும் எங்காவது பெயின்ட் பெயர்ந்துவிடும். இனி அதைச் சரிசெய்ய ஆளில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள்: "துரை, நீலக்காரங்கள இன்னைக்கு எனக்குத் தருவியளா?"

அவர் தயங்கினார். பிறகு நீலப்படையை அவள் பக்கம் தள்ளிவைத்தார். பீரங்கிகளைத் தான் எடுத்துக்கொண்டார்.

அவள் பாயவில்லை. மலை என்று வைத்திருந்த புத்தக அடுக்குகளின் பின்னால், மேஜை விளிம்பை ஒட்டி, ஒவ்வொரு முறைக்கும் தையல் நாடாவால் அளந்து படையை நகர்த்தினாள். துரை எரிச்சலோடு, "குதிரைப்படை ஒளியறதுக்கு இல்லே, சத்தியபாய்," என்றார்.

"இவிய கீழ விழுந்தா பெயின்ட் போவும் துரை."

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. சாயங்காலம் நீலப்படை பீரங்கிகளுக்குப் பின்பக்கம் வந்து நின்றது. பீரங்கிகளைத் திருப்ப நேரமில்லை. அவளுடைய ஆட்கள் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

துரை நாலு பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் மெல்ல ஏதோ சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனார்.

"என்னவாக்கும் சொன்னாரு?" என்று புருஷனைக் கேட்டாள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த ஞானசிங் நின்றான். "மெசபடோமியாவுல பீரங்கியச் சுத்திப் போவ வழி இருந்துதாம். எனக்கு அது தோணல்லன்னு சொன்னாரு."

அடுத்த சனிக்கிழமையும் அவர் கூப்பிட்டார். நீலப்படையை அவள் பக்கமே வைத்திருந்தார். 1935இல் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறும் வரை ஆட்டம் நடந்தது. பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கித் தன்னோடு கொண்டுபோனார்.

சத்தியபாயின் கை முக்கால்வாசி திரும்பியிருந்தது. பூவேலைக்கு அது உதவவில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் அறை எடுத்து, கால்மெஷினில் சட்டை தைத்தாள். ஞானசிங் துணி வெட்டினான். துரையோடு சண்டை போட்டவள் நீதானே என்று யாராவது கிண்டலாகக் கேட்டால் அவள் கோபப்பட மாட்டாள்.

"நல்ல மனுஷனாக்கும்," என்பாள். "தோத்துட்டா மட்டும் சாப்பிட வரமாட்டாரு."