பாம்பன்காரன் திருத்திய வரி

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு யார் வந்து ஆங்கிலத்தில் பேசினாலும், அன்றைக்கே அந்தப் பேச்சைச் சுருக்கி எழுதச் சொல்வார். எழுதியதை அவர் திருத்த மாட்டார். பக்கத்தில் இருப்பவனிடம் தாளை மாற்றிக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் அவன் தப்பை நான் அடிக்க வேண்டும், என் தப்பை அவன் அடிக்க வேண்டும். கீழே கையெழுத்தும் போட வேண்டும். கண்ணில் படாமல் விட்ட தப்புக்கு எழுதினவனை ஒன்றும் சொல்ல மாட்டார், திருத்தினவனுக்குத்தான் பிரம்படி. இது எந்த ஊர் நியாயம் என்று நாங்கள் முணுமுணுக்காத நாளில்லை. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அப்படித்தான் எங்களுக்கு நாலு வரி ஒழுங்காக எழுத வந்தது.

“பேசினவர் சொன்னதை எழுதுடா. உன் ஆசையை எழுதாதே” என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். எங்கள் கடலும் தெரியாது, கரையும் தெரியாது, அப்போது அவர் வந்து சேர்ந்தே கொஞ்ச நாள்தான்.

என் பக்கத்து இடம் பாம்பன்காரனுடையது. தினமும் ரயிலில் வருவான். நான் உச்சிப்புளிக்கு உள்ளே, வானம் பார்த்த பூமியில் விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. அவன் கணக்கில் புலி. இங்கிலீஷில் என்னைவிட ஒரு படி கீழே, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த மார்கழியில் வாடைக்காற்று பேயாக அடித்தது. அவனுடைய அப்பா, அவன் வாயில் அய்யா, நாலைந்து பேரோடு வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. அவர்கள் தெருவில் அதற்கு ஒரே பேச்சுதான்: “இன்னும் கரை ஏறல.” ஒரு பலகையாவது ஒதுங்க வேண்டும், அல்லது கண்ணால் பார்த்தவன் வந்து சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வேறு வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது. வந்தால் உயிரோடு இருப்பவரை நாமே தள்ளிவிட்டது போலாகும் என்பார்கள். அவன் அம்மா தினமும் அவருக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அவன் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் வந்தான். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை, வாத்தியாரிடமும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையைப் பார்வையிட வந்த ஒரு பெரிய அதிகாரியை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார்கள். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ஒழுக்கம், உழைப்பு என்று எல்லாரும் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் குரலைத் தாழ்த்தினார். தான் நேரே கடலிலிருந்துதான் வருவதாகவும், காணாமல் போன பாம்பன் வள்ளம் உடைந்து மிதந்ததைத் தானே பார்த்ததாகவும், அதில் இருந்தவர்கள் எல்லாரும் இறந்துவிட்டதாகவும், தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு மறுபடி ஒழுக்கத்துக்குப் போய்விட்டார். பாவி மனுஷன்!

பேச்சு முடிந்தது. பாம்பன்காரனைத் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டான். இவனுக்கு விளங்கவில்லை என்று முடிவு செய்தேன். விளங்கிய இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எப்படி வரும்?

சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் வந்தார். “எழுதுங்கடா” என்றார்.

அந்த ஒரு வரியைக் கடைசி வரை தள்ளிப் போட்டேன். விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். அதிகாரி சொன்னதிலேயே உருப்படியான விஷயம் அது ஒன்றுதான், அதை நான் விட்டால், விட்டதை அவன்தான் கண்டுபிடித்து எழுத வேண்டும், அவனுக்கோ விளங்கவில்லை, அடி அவனுக்கு விழும். எழுதிவிட்டேன். வள்ளம் உடைந்தது, இருந்தவர்கள் இறந்தார்கள்.

“மாத்திக்கோங்க.”

“சார், இன்னைக்கு மட்டும் பின் பெஞ்சுக்காரனோட மாத்திக்கிறேன் சார்” என்றேன்.

“உட்காருடா. ஆள் பார்த்துத் திருத்துறதுக்கு இது என்ன கல்யாணப் பந்தியா?”

என் தாள் அவன் கைக்குப் போனது. அவன் பென்சில் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. அந்த வரிக்கு வந்ததும் நின்றது. பிறகு ஒரு கோடும் இழுக்காமல் தாண்டிப் போய், கீழே கையெழுத்துப் போட்டான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அப்புறம்தான் அவன் தாளைப் பார்த்தேன். வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நான் அடித்துவிட்டு, இறந்துவிட்டார்கள் என்று மேலே எழுத வேண்டும். அடப் போங்கடா, நீங்களும் உங்கள் திருத்தமும் என்று வந்தது எனக்கு. மற்ற தப்புகளை மட்டும் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வாத்தியார் நான் திருத்திய தாளை வாங்கிப் பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

“இப்படியாடா சொன்னார் அவர்?”

“இல்ல சார்.”

“பின்னே ஏன் அடிக்கலை?”

“அடிக்க மாட்டேன் சார்.”

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னடா திமிரு! நீட்டுடா கையை” என்று பிரம்பை எடுத்தார். நானும் நீட்டினேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்றிருந்தது.

பாம்பன்காரன் எழுந்தான். “அவன அடிக்காதீங்க சார். நானே திருத்திடுதேன்.”

என் கையிலிருந்த பென்சிலை வாங்கினான். தன் வரியை ஒரே கோட்டில் அடித்தான். என் தாளில் இருந்த வரியைப் பார்த்து, அதற்கு மேலே அப்படியே ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.

“அவர் சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு சார்” என்றான். “அது எங்கய்யா போன வள்ளம். கண்ணால பாத்தவரு சொல்லிட்டாரு. இனி நான் வீட்டுல சொல்லாம இருக்கப்பிடாது. வண்டிக்கு நேரமாச்சு, போகட்டுமா சார்?”

வாத்தியார் பிரம்பை மேஜையில் வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் கண்ணில் அன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்த்தோம்.

வாத்தியாரைக் கேட்காமலே நான் அவன் பின்னால் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வழியெல்லாம் அவன் அழவே இல்லை. வண்டி வந்து நின்றது. ஏறினவன் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“ஏலே, இங்கிலீசுல எழுதிட்டேன். எங்கம்மாட்ட இத எப்பிடிலே சொல்ல?”