ஸ்ரௌவ்வில் அப்பிளும் யூனியன்வில் வாசலும்

மூன்று வருடமாக நாங்கள் அப்பிள் பிடுங்கப் போகவில்லை. அதற்கு முன் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை; அக்கா குடும்பமும் நாங்களும் இரண்டு வான் வண்டிகளில் போவோம். பிறகு என் மகள் ஆர்த்திகா பெரியபிள்ளையாகி, அவளின் சாமத்தியவீடு வந்தது. கார்ட்டைப் படமெடுத்து அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சொந்த அக்காதானே, நேரே போய்ச் சொல்ல வேணுமா என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லாத விசேஷத்துக்கு அக்கா வரவில்லை. அன்றோடு கதை பேச்சும் நின்றது. பிழை என்னுடையதுதான். ஆனால் எனக்கும் வீம்பு, ஒரு போன்கூட எடுக்கவில்லை.

இந்த ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை, ஆர்த்திகாவின் ஆக்கினை தாங்காமல் கிளம்பினோம். வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து காலை 9.10க்கு வெளிக்கிட்டு, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே உள்ள தோட்டத்துக்கு 10.05க்குப் போய்ச் சேர்ந்தோம், 46 கிலோமீற்றர். கார் இல்லாமல் இந்தப் பக்கம் சரிவராது. நுழைவு ஆளுக்கு 7 டொலர், பத்து இறாத்தல் பிடிக்கும் பை 32 டொலர்.

"உந்தக் காசுக்குக் கடையில ரெண்டு பெட்டி வாங்கலாமெல்லே" என்றார் என் கணவர். ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வார், ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக மரத்தடியில் நிற்பார்.

எங்களை ஏற்றிப்போன டிராக்டர்காரர், சும்மா சாப்பிடவா, கேக் செய்யவா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். கேக் என்றதும் கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே கோர்ட்லண்ட் வகை. மக்கின்ரொஷ் வகை கேக் வேகும்போது களியாகிவிடுமாம்.

பழத்தைக் கையில் ஏந்தி மெல்ல மேலே திருப்பினால் காம்போடு வரும். இழுத்தால் கொப்பு முறியும். அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை வாங்குவார். மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து சின்னப் போத்தலில் கொண்டுவருவார். பிள்ளைகள் புல்லில் குந்தியிருந்து புளி அப்பிளை அதில் தொட்டுத் தின்றுவிட்டு, மூக்கால் ஒழுக ஒழுக இன்னும் கேட்பார்கள். என்ன சந்தோஷமான நாட்கள் அவை!

இந்த முறை நானே அதைக் கலந்து கொண்டுபோனேன். ஆர்த்திகா ஒரு துண்டைத் தொட்டுக் கடித்தாள்.

"பெரியம்மா கொண்டு வாறது மாதிரி இல்லை அம்மா."

"ஏன், உறைப்புக் காணாதோ?"

"நோ, உறைப்பெல்லாம் ஓகே. பெரியம்மா இல்லை, அதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பழம் பார்க்கிற சாட்டில் அடுத்த மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். இண்டைக்கே அக்கா வீட்டுக்குப் போறது, என்ன பேச்சு விழுந்தாலும் விழட்டும் என்று அங்கேதான் முடிவெடுத்தேன்.

1.30க்கு வீடு. ஆறு அப்பிள், இரண்டு கப் மா, ஒரு கப் சீனி, மூன்று முட்டை, அரை இறாத்தல் பட்டர், கறுவாத்தூள். 350 பாகை பரன்ஹீற்றில் 55 நிமிடம். வீடு முழுக்கப் பழைய ஒக்ரோபர் வாசம் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், பதினொன்றுக்குப் பிறகு கார் விட இடம் கிடையாது. புல் ஈரம், பழைய சப்பாத்துப் போடுங்கள். அப்பிள் பிடுங்கும் வேலை இதோடு முடிந்தது. எங்களுக்கு இன்னும் ஒரு இடம் இருந்தது.

யூனியன்வில், வீட்டில் இருந்து இருபது நிமிடம். 5.20க்கு அக்கா வீட்டு மணியை அடித்தேன். கையில் துணி மூடிய கேக் தட்டு, பக்கத்தில் ஆர்த்திகா. அக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"உன்ர அம்மாவுக்கு என்னவாம்?" என்று ஆர்த்திகாவிடம் கேட்டார்.

"அக்கா, அடுத்த வருஷம் எல்லாரும் அப்பிள் பிடுங்கப் போவம். வீட்டுக்கு வந்து சொல்லவேணும் எண்டு வந்தனான்."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்கெண்டு சொல்லு." அதையும் ஆர்த்திகாவிடம்தான் சொன்னார்.

"ஓம். அதுதான் வெள்ளனச் சொல்ல வந்தனான்."

அக்கா தட்டை வாங்கித் துணியை விலக்கினார். வாசலில் நின்றபடியே ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"தோல் சீவாமலோடி போட்டனி?"

"ஓம் அக்கா."

"சோம்பேறி. மிச்ச அப்பிள் கார்ல கிடக்கோ? எடுத்துக்கொண்டு உள்ளுக்கு வா, நான் சீவித் தாறன்."