முதல் துளையில் சந்தனம்

என் மனைவிக்கு வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்ட பிறகு, பகலில் அவளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறாகும். பீடோங் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் வீடு. பக்கத்து வீட்டு அக்கா பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. அப்பப்ப எட்டிப் பாக்கட்டும்" என்றாள் மனைவி. நாக்கும் கொஞ்சம் இழுத்திருந்ததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவாள்.

சரி என்றேன். நான்கு முறை வேலி வரை போனேன். நான்கு முறையும் "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உதவி என்று ஒருவரிடம் வாய் திறந்து கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே முடியாது.

ஆனால் கணினிப் பெட்டிகளோடு எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இங்கே மலேசியாவில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். மற்றதெல்லாம் கைப்பேசியில் தமிழ்நாட்டுக்காரர்கள் போடும் காணொளிகளைப் பார்த்துக் கற்றது. செமிலிங் போகும் வழியில் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. கம்பெனிகள் கழித்துப்போட்ட கணினிகளும் ரௌட்டர்களும் அங்கே எடைக்குக் கிடைக்கும். பல கம்பிகளை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் என்ற தட்டையான பெட்டியும் அங்கேதான் வாங்கினேன். அதன் முகத்தில் இருபத்துநான்கு துளைகள். பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி போட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். அவள் நன்றாக இருந்த காலத்தில் காப்பியோடு வந்து வாசலில் நின்று, "என்ன சார், ஆபீஸ் தொறந்தாச்சா?" என்று கேலி செய்வாள்.

அந்த அலமாரியை வைத்தே ஒரு வழி செய்தேன். அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. அதிலிருந்து ஒரு கம்பி சுவிட்சுக்கு. சுவிட்சிலிருந்து பழைய கணினிக்கு. வெளியே இருந்துகொண்டு அந்தக் கணினியைக் கைப்பேசியில் திறந்து பார்க்க ஒரு மென்பொருள். கடையில் ஆயத்தமாக விற்கும் கேமரா வாங்கியிருக்கலாம். ஆனால் அதன் படமெல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கணினிக்குப் போகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அவள் துணி விலகிக் கிடக்கும் நேரம் உண்டு, கட்டிலை ஒட்டி வைத்த கழிப்பு நாற்காலியில் உட்காரும் நேரம் உண்டு. அதையெல்லாம் இன்னொருவர் பார்க்கக்கூடும் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

கேமராவில் பேசும் வசதியும் இருந்தது. கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் என் குரல் அறையில் கேட்கும். அவள் பேசுவது எனக்குக் கேட்காது. தலையை ஆட்டிக் காட்டுவாள். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தேன். முதல் வாரம் பேசினேன். தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும். ஓய்வு நேரத்தில்தான் எடுக்க முடியும். அந்த நேரத்தில் பெட்டக அறை முழுக்க ஆள். ஒருநாள் நான் தாழ்ந்த குரலில் "சாப்பிட்டியா?" என்று கேட்டதை, கூட வேலை செய்யும் ஒருவன் கேட்டுவிட்டான்.

"டேய், அண்ணன் ரொமேன்ஸ் பண்றார்டா! அண்ணே, லைவ் ஓடுதா? எங்களுக்கும் காட்டுங்கலா!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனதில் சொன்னதல்ல. ஆனால் அன்றோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று படத்தை மட்டும் பார்த்துக்கொள்வேன். படத்தின் மேல் நேரம் காட்டும் எழுத்து அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. முகம் தெரியட்டும் என்று அதையும் எடுத்துவிட்டேன். படத்தைத் திரை முழுக்க விரித்துவிட்டதால் கணினியின் கடிகாரமும் மறைந்துபோனது. ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் தெரியும். இணைப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தாமானில் லாரி வைத்திருப்பவர் லாரிக்குப் படைப்பார், தையல்காரர் மிஷினுக்குப் படைப்பார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் படைத்தேன். அன்று கருவிகளுக்கு ஓய்வு என்பதால் எல்லாவற்றையும் அணைத்து, கம்பிகளைக் கழற்றி, தூசி துடைத்தேன். கணினிக்கு ஒரு பொட்டு, ரௌட்டருக்கு ஒரு பொட்டு. சுவிட்சின் முகத்தில் மூன்று விரலால் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். மனைவியை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். "நல்லா... இருக்கு" என்று சொல்லி, இடது கையால் கும்பிட்டாள். மறுநாள் கம்பிகளைப் பழையபடி சொருகினேன். கேமராவின் கம்பி முதல் துளையில்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று பத்து மணி ஓய்வில் பார்த்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தேன். அதே மாதிரி. முந்தின இரவு தோள் வலி என்று தூங்கவே இல்லை. இப்போதாவது தூங்குகிறாளே என்று எனக்குச் சந்தோஷம். வழக்கத்தைவிட நிதானமாகச் சாப்பிட்டேன். மூன்றரைக்குப் பார்த்தேன். அதே மாதிரி. போர்வையின் மடிப்புகூட மாறவில்லை. பொத்தானை அழுத்திக் கூப்பிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். பக்கத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கைப்பேசியைப் பூட்டிவிட்டேன்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். கட்டில் காலியாக இருந்தது. கட்டிலுக்கும் கழிப்பு நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். துணியெல்லாம் நனைந்திருந்தது. இடது கை கட்டில் காலைப் பிடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"பாத்துக்கிட்டு... தானே... இருந்தீங்க?"

நான் அவளைத் தூக்கப் போனேன். வலியில் கத்தினாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

"கையக் காட்டினேன். ரொம்ப நேரம். ஏன் வரல?"

அப்போது கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அதில் அவள் இன்னமும் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பச்சைப் புள்ளியும் இருந்தது. கணினி வரைக்கும் இணைப்பு இருந்திருக்கிறது. கேமராவிலிருந்து கணினிக்கு வருவது காலையிலேயே அறுந்து, கடைசியாக வந்த படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை நான் பார்த்தது அந்த ஒரே படத்தை.

ஆம்புலன்ஸ் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"பதினோரு மணிக்கு நான் வேலியோரமா துணி காயப்போட்டுக்கிட்டுதான் இருந்தேன் தம்பி. தட்டுற சத்தம் கேட்டுச்சு. நீங்க பின்னால ஏதோ மிஷின் வச்சிருக்கீங்கல்ல, அதுன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா சும்மா இருப்பேனா? இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி!"

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்கு அவளுடைய அக்கா செமிலிங்கிலிருந்து வந்தார். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பொட்டி பொட்டியா வாங்கி அடுக்கினீங்களே தம்பி. அதுங்களுக்கு வாய் இருக்கா? உங்களுக்கு இருக்கே, அத எதுக்கு வச்சிருக்கீங்க?"

அறுவை சிகிச்சை முடிந்ததும் அந்த அக்கா நேராகத் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய்விட்டார். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெறும் வீட்டில் நான் பழுதைத் தேட ஆரம்பித்தேன். யாருக்காகத் தேடுகிறேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. முதலில் கம்பியை மாற்றினேன். நிறம் நிறமாகப் பிரித்து, வரிசை பார்த்து, இரண்டு முனைக்கும் புதுத் தலை போட்டேன். ஒரு நாள் ஓடியது, மறுநாள் படம் நின்றது. கேமராவின் மின்கம்பியை மாற்றினேன். மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்று போட்டேன். அதுவும் இரண்டு நாள்தான். ரௌட்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக எல்லாம் எழுதினேன். பிழை என்று ஆங்கிலத்தில் வரும் வரிகளைத் தாளில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, கைப்பேசியில் தட்டித் தமிழாக்கிப் படித்தேன். பாதி புரியாது. ஒரு காணொளியின் கீழே கேள்வி எழுதி, எழுதியதை அழித்து, மறுபடி எழுதினேன். மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர், "அண்ணா, கேமராவுக்கு பிங் போட்டு விட்டுட்டுப் பாருங்க" என்று பதில் போட்டிருந்தார். பிங் என்றால் ஒரு கருவியை இருக்கிறாயா, இருக்கிறாயா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது. போட்டேன். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரி வரியாக வந்தது. அரை மணி நேரத்தில் பதில் நின்றது. கேள்வி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்து கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தவளும் இப்படித்தானே கேட்டிருப்பாள் என்று தோன்றியது. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் சுவிட்சைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற துளைகளில் பொன் நிறத்தில் மின்னிய ஊசிகள், முதல் துளையில் பச்சை பிடித்திருந்தன. குச்சியால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கம்பி சொருகாத துளைக்குள் என் விரலிலிருந்து ஈரச் சந்தனம் வழிந்திருக்கிறது. மறுநாள் அதன் மேலேயே கம்பியைச் சொருகியிருக்கிறேன். பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட துளைகள் சும்மா இருந்தன. வரிசை அழகாக இருக்கட்டும் என்று முதலாவதில் போட்டிருந்தேன்.

கம்பியை ஏழாவது துளைக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செமிலிங்குக்குப் போனேன். கூடத்தில் கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"எத?" என்றாள்.

சுவிட்சைப் பற்றி, துளையைப் பற்றி, சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. முழுவதும் கேட்டாள். கோபம் தெரியவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"ஒரு தடவ... கூப்பிட்டிருக்கலாமே. அந்த... பட்டன அமுக்கி."

ஆள் இருந்தார்கள் என்று சொல்ல வந்தேன். மணி பார்த்தேன். அவள் முகத்தைக் கூரை பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். ஆப்பிள், டயப்பர் வாங்கிப் போவேன். அவள் அக்கா சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவள் இப்போது கம்பைப் பிடித்து நான்கு அடி நடக்கிறாள். போன ஞாயிறு நான் செருப்பை மாட்டும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

"தம்பி, அவ உங்க மேல கோவமா இருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் போறீங்க. அவ நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கா. உள்ள போயி வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன். நாங்கூட அடுப்படிக்குப் போயிடுறேன்லா, போங்க."

போய்விட்டார். கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. என் நிழல் உள்ளே தரையில் விழுந்து, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றினேன். "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"ம்... பாத்துப் போங்க" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.