மகள் என்று எழுதிக் கூட்டி வந்த ஆள்

சேனாபதி வாரத்தில் ஐந்து நாள் ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தோளில் பச்சைத் துண்டைப் போட்டுவிட்டால் விவசாயி. சுகர் லேண்டிலிருந்து அரை மணி நேரத்தில் அவருடைய பதினோரு ஏக்கர் தோட்டம். முட்டையும் முருங்கைக்காயும் வாங்க வருகிற தமிழ்க் குடும்பங்களோடு நின்று நாலு படம் எடுத்துக்கொள்வார். வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுவார். அந்தப் பச்சைத் துண்டில் இதுவரை ஒரு வேர்வைக் கறை விழுந்ததில்லை. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

துவைக்கிறவள் பெயர் தனபாக்கியம். முப்பத்திரண்டு ஆடு, இருநூறுக்கு மேல் கோழி, வாழை, முருங்கை, கீரைப் பாத்தி, எல்லாம் அவள் கையில்தான். மழை பெய்தால் அந்த ஊர்க் கறுப்பு மண் பூட்சில் அப்பிக்கொண்டு ஒரு காலுக்கு ஒரு படி கனக்கும். அந்த மண்ணோடு வீட்டுக்குள் கார்ப்பெட்டில் கால் வைக்கக் கூடாது என்பது சேனாபதியின் மனைவி பவளம் போட்ட சட்டம்.

தனபாக்கியம் தாராபுரத்துப் பக்கம் பிறந்தவள். பதினோரு வயதில் வெள்ளகோவில் ரோட்டில் அப்பாவையும் அம்மாவையும் ஒரே லாரி கொண்டுபோனது. காரியம் முடிந்த கையோடு பந்தலிலேயே பெரியம்மா நாகரத்தினம், "இதை இனி யாரு வெச்சுப் பாக்கறது?" என்று கேட்டாள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சேனாபதி இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் அவளுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தோட்டத்தை அப்போதுதான் வாங்கியிருந்தார். ஆடு மேய்க்கக் குழந்தையைக் கூட்டிப்போக எந்த நாடும் விசா தராது. மகள் என்றால் தரும். கோர்ட்டில் தத்து எழுதினார்கள். வழியனுப்ப வந்த சனம் முழுக்க, "குடுத்து வெச்சவ" என்றது.

வந்து இறங்கிய மறுநாளே பவளம் விவரமாகச் சொல்லிவிட்டாள். ஆட்கள் முன்னால் அப்பா, அம்மா. மற்ற நேரம் மாமா, அத்தை.

பள்ளிக்கூடம்? யாராவது கேட்டால் பவளம் வாய் நிறையச் சொல்லுவாள், "ஹோம்ஸ்கூலுங்க. இங்கத்த ஸ்கூலெல்லாம் கெட்டுக் கெடக்குது." அந்த மாநிலத்தில் வீட்டுப் படிப்பை யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அவளுடைய சொந்த மகன் இனியன் மட்டும் அந்தக் கெட்டுக் கிடந்த ஸ்கூலுக்கு மஞ்சள் பஸ்ஸில் போய் வந்தான். தனபாக்கியத்துக்கு முட்டை அடுக்குவது கணக்குப் பாடம். ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது அறிவியல். இங்கிலீஷைத் தீவன மூட்டையிலும் குடற்புழு மருந்துப் பாட்டிலிலும் எழுத்துக்கூட்டி அவளாகவே படித்தாள்.

டெக்சாஸே உறைந்துபோன அந்தப் பிப்ரவரியில் கரண்ட் இருந்த சிநேகிதர் வீட்டுக்கு மூவரும் கிளம்பினார்கள். "ஆட்டுக்கு ஒரு ஆள் வேணுமல்லோ" என்றாள் பவளம். தனபாக்கியம் வீட்டிலிருந்த போர்வையெல்லாம் எடுத்து முருங்கை மரங்களுக்குச் சுற்றினாள். மீந்தது ஒன்று. அதற்குள் அவளும் இரண்டு குட்டிகளும் மூன்று நாள் கிடந்தார்கள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பவளம் கதை சொன்னாள், "அந்தக் குளுருல முருங்கையை நாங்க எப்புடிக் காப்பாத்துனோம் தெரியுங்களா."

ஓடிப்போகலாமே என்று கேட்பவர்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. முகம் சுளித்தால் போதும், பவளம் ஃபோனைக் கையில் எடுப்பாள். "உன்ற விசா எங்க கையில. ஒரு ஃபோனு போட்டா இமிக்ரேஷன்காரங்க வந்து வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. அங்க உனக்கு யாரு இருக்கறா? நாகரத்தினமா?" போன வருடம் முதல் டிவியில் அப்படிப்பட்ட வேன்கள் தினமும் வந்தன. பவளம் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். தனபாக்கியம் கேட் அருகே ஏதாவது வெள்ளை வேன் மெதுவாகப் போனால் கோழிக் கூண்டுக்குப் பின்னால் போய் நிற்பாள். இருபத்து நாலு வயதுப் பெண்.

பவளத்தின் வரவேற்பறைச் சுவரில் ஒரு சர்டிபிகேட் மாட்டியிருந்தது. சேனாபதி அமெரிக்கக் குடிமகன் ஆனபோது கொடுத்தது. கரையெல்லாம் நுணுக்கமான பூ வேலை, மேலே கொட்டை எழுத்து, இடது பக்கம் அவர் படம். வருகிறவர்களிடம் காட்டுவார்: "இது ஒண்ணு இருந்தா நம்மள எவனும் தொட முடியாதுங்க." வெள்ளிக்கிழமைதோறும் பூட்சைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது தனபாக்கியம். எவனும் தொட முடியாத காகிதத்தைப் பன்னிரண்டு வருடமாகத் துணியால் தொட்டவள் அவள். அதன் கரை வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள்.

இந்த வருடம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் சேனாபதி தோட்டத்திலேயே. அவருக்கு 'உழவர் செம்மல்' பட்டம், பவளத்துக்குத் 'தாயுள்ளம்' விருது. அனாதைப் பெண்ணை எடுத்து வளர்த்ததற்கு. எடுத்தது உண்மை.

நூற்றைம்பது பேர் வந்தார்கள். பட்டுப்புடவைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ். குழந்தைகள் ஆட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். சேனாபதி சாவி போடாத டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். படம் நன்றாக வந்தது. சனிக்கிழமை தவறாமல் முட்டை வாங்கும் ஜலஜா ஆன்ட்டியும் அவள் வீட்டுக்காரர் ஜம்புநாதனும் முன்வரிசை. ஜலஜா சென்னைக்காரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முட்டை அட்டையில் தன் நம்பரை எழுதி, "எது வேணும்னாலும் கால் பண்ணும்மா" என்று கொடுத்தாள். கொடுத்ததோடு அவள் மனசு நிம்மதியாகிவிட்டது போல. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கொட்டகைக்குள் திரை கட்டி இனியன் லேப்டாப்பில் படம் ஓட்டினான். எந்தப் படம் போடுவது என்று தேர்ந்தெடுத்தது சேனாபதி. பவளம் அந்த வாரம் முழுக்கத் தையல்காரி வீட்டில் இருந்தாள். டிராக்டர், முதல் முருங்கை, ஏர்போர்ட்டில் இரட்டைச் சடையோடு தனபாக்கியம். அதற்கடுத்து ஒரு காகிதம்.

பின்னால் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவள் முதலில் பார்த்தது எழுத்தை அல்ல, கரையை. அதே பூ வேலை. அதே கொட்டை எழுத்து. இடது பக்கத்தில் சேனாபதி இல்லை. இரட்டைச் சடை.

படம் நகர்ந்துவிட்டது. பவளத்தின் முகமும் நகர்ந்தது. இப்போது மைக்கைத் தனபாக்கியத்திடம் கொடுக்க வேண்டிய நேரம். 'அப்பா அம்மா இல்லாத எனக்குத் தெய்வமாக வந்தவர்கள்' என்று மூன்று வரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பவளம் மைக்கை இறுகப் பிடித்தாள். "புள்ளைக்குக் கூச்சம், வேண்டாம் விடுங்க" என்றாள். சேனாபதிதான் பிடுங்கிக் கொடுத்தார். "சும்மா பேசு கண்ணு."

தனபாக்கியம் அவ்வளவு பேர் முன்னால் பேசியதே இல்லை. குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

"அந்தக் காயிதத்தை மறுக்கா போடுங்க."

இனியன் அப்பாவைப் பார்த்தான். சேனாபதி தலையசைத்தார். திரையில் சடைகள் வந்தன.

"இது என்றதுங்களா?"

"உன்றதேதான்." சேனாபதிக்கு மைக் இல்லாமலே குரல் கேட்கும். சபையைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு சிட்டிசன் ஆக இருவது வருஷம் ஆச்சுங்க. இந்தப் புள்ளை ஏர்ப்போர்ட்ல காலு வெச்ச அன்னிக்கே சிட்டிசன். மகள்னு எழுதிக் கூட்டியாந்தம்ல, அதான். ஒரு நாளு கூட விசான்னு கவலைப்பட்டதில்லை."

கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் விசில் கூட அடித்தார். பவளம் மட்டும் புடவை மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது எங்க இருக்குதுங்க?"

"ஆபீஸ் ரூம்ல மஞ்ச ஃபைல்ல பத்திரமா இருக்குது. அப்பா எதையாவது தொலைப்பனா?" என்று சிரித்தார் உழவர் செம்மல். பெருமை பேசும்போது மனுஷனுக்கு எந்தப் பூட்டும் நினைவுக்கு வருவதில்லை.

தனபாக்கியம் மைக்கை அண்டா மூடிமேல் வைத்தாள். கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு ஏறினாள். பவளத்தின் வெள்ளைக் கார்ப்பெட்டில் கறுப்புத் தடம் ஆபீஸ் ரூம் வரைக்கும் போயிற்று. திரும்பியும் வந்தது. கையில் மஞ்சள் ஃபைல்.

அடுக்களை வாசலில் பவளம் மறித்தாள். விருதுச் சால்வை தோளிலேயே இருந்தது.

"எங்க போற? அந்த மனுஷன் லூசு மாதிரி எதையோ உளறுனா நீ ஆடறதா?"

"உளறல்லைங்க அத்தை. கைதட்டுனாங்களே, கேட்டீங்கல்ல."

"சோறு போட்டு வளத்துனது மறந்து போச்சா?"

"ஆக்குனது நானுங்க. அதனால மறக்காது."

பவளம் பழக்கத்தில் ஃபோனை எடுத்தாள். எடுத்தவள் அதை வெறுமனே பார்த்தாள்.

"போடுங்க அத்தை," என்றாள் தனபாக்கியம். "வேன் வரட்டும். நான் இதைக் காட்டறனுங்க. பன்னெண்டு வருஷக் கதையைக் கேட்டா அவங்களுக்கும் பொழுது போகும்."

பவளத்தின் குரல் இறங்கியது. "ஏ சாமி... பொழுது சாய ஆட்டுக்குத் தண்ணி யாரு வெக்கிறது?"

"உழவர் செம்மல் இருக்காருங்களே."

தொட்டியைக் காலையிலேயே நிரப்பியிருந்தாள். ஆடுகள் என்ன பாவம் செய்தன? நாளைக் காலை வரை தாங்கும். அதற்குப் பிறகு செம்மல் பாடு.

கார்கள் நிறுத்தியிருந்த புல்வெளியில் ஜலஜா ஆன்ட்டி கரும்பையும் வாழையிலைக் கட்டையும் பின் சீட்டில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, எது வேணும்னாலும் கேளுன்னு சொன்னீங்க. உங்க வண்டில எடம் வேணும்."

ஜலஜா வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஜம்புநாதன் வானத்தைப் பார்த்தார். "ஃபேமிலி மேட்டர். நாம இன்வால்வ் ஆக வேணாம் ஜலஜா. அடுத்த வாரம் முட்டைக்கு எங்க போறது?"

"இந்தப் பொண்ணு இங்க இல்லன்னா அடுத்த வாரம் முட்டையே இருக்காது," என்றாள் ஜலஜா. கரும்பைத் திணிப்பதை நிறுத்தினாள். என்ன நினைத்தாளோ, பிறகு வெடுக்கென்று, "நம்பர் குடுத்தேன்ல. தூக்குங்க அத," என்றாள்.

அவர் முனகிக்கொண்டே தூக்கி வெளியே போட்டார். காலையில் தனபாக்கியம் வெட்டிக் கட்டிய கரும்பு புல்லிலேயே கிடந்தது.

ஏறப் போனவளை ஜலஜா நிறுத்தினாள். "இரும்மா, பூட்ஸ்ல சேறு. மேட் புதுசு." சீட்டில் கிடந்த விழா மலரை எடுத்து நடுப்பக்கத்தை விரித்துக் கீழே போட்டாள். "இதுமேல வெச்சுக்கோ."

நடுப்பக்கத்தில் சேனாபதியும் பவளமும் பச்சைத் துண்டோடு சிரித்தார்கள். காகிதத்தை மிதித்தால் படிப்பு வராது என்பார்கள். தனபாக்கியத்துக்குத்தான் அந்தக் கவலை இல்லாமல் அவர்களே பார்த்துக்கொண்டார்களே. இரண்டு காலையும் அழுத்தி வைத்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே எதிரில் ஒரு வெள்ளை வேன் மெதுவாக வந்தது. அவள் தலையைக் குனியவில்லை.