விரத நாளில் வந்த நெஞ்சுவலி

என் வீட்டுக்காரர் காலமான பிறகு வல்லத்திராக்கோட்டை வீட்டில் நான் ஒருத்திதான். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எனக்குத் துணை முருகப் பெருமான்தான்.

கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சைப் பிசையும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. மாத்திரை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று பிரஷர் மாத்திரையையும் விரத நாட்களில் போடமாட்டேன்.

ஒரு சஷ்டியன்று விளக்கு முன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. இடது கை கடுத்தது. பால் ஊற்ற வந்த செல்வி, நான் தாழிட மறந்திருந்த வாசல் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வாயுதான் புள்ள. விரதம் முடிச்சா சரியாப் போயிரும்."

"ஒங்க முருகன் உசுர விட்டுத்தான் விரதம் இருக்கச் சொன்னாரா? பேசாம இருங்க, ஆம்புலன்சக் கூப்பிடுறேன்."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். "தங்கச்சிங்க" என்றாள் செல்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைக்கப் பார்த்ததாம். "சும்மா இருக்கும்போதே வலி வந்தா, அது மாரடைப்புக்கு முந்தி வர்ற எச்சரிக்கைம்மா" என்றார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, ஆஞ்சியோ செய்து, அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாயை வைத்தார்கள்.

இப்போதும் விரதம் இருக்கிறேன், ஆனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். மாத்திரையை முருகன் முன்னாலேயே விழுங்குகிறேன். பூஜைக்கு உட்காரும்போது வாசல் கதவைத் தாழிடுவதில்லை. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கட்டும்.