சுவர் வழியாக வந்தவள்

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், நான் பதில் சொல்வதற்கென்று கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் நானும் டேப் ரெக்கார்டரைப் பார்த்து, "ஆமாம் மச்சான்" என்பேன். மறுத்துச் சொன்னால் அந்தப் பெட்டி என்ன செய்துவிடும்? அப்படியும் நான் மறுத்ததில்லை. பிறகு போன் வந்தது, வீடியோ வந்தது. அவருடைய நிறுத்தமும் என்னுடைய ஆமாமும் மாறவில்லை.

அதனால்தான், குடவாசலில் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு வந்த இன்ஜினியர் பெண் கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெரிய கண்ணாடியை நீட்டி, "இருக்கறதையும் இல்லாததையும் ஒண்ணாக் காட்டும், புது டெக்னாலஜிங்க" என்றபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. என் குடித்தனமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை மாட்டியதும் கருவைச் செடிகளுக்கு நடுவே மாடிவீடு எழுந்து நின்றது. நான் பார்ப்பதை அவரும் அங்கே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பிஸ்மி சொல்லி, வலது காலை உள்ளே வைத்தேன். பளிங்குத் தரையில் நெருஞ்சி முள் குத்தியது.

"செருப்பு போட்டுக்கங்க மேடம்."

"வீட்டுக்குள்ளயா?" என்றேன்.

நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். எல்லாம் பளபளவென்றிருந்தது. பின்வாசல் மட்டும் இல்லை. திருட்டுப் பயம் என்று அவர் வேண்டாமென்றார். அதற்கும் ஆமாம் போட்டிருந்தேன். ஆனால் முன்வாசல் மணி அடித்தால் போய்த் திறக்கவே எனக்குக் கூச்சம். வாடகை வீட்டில் என்னோடு பேச வருகிறவர்கள் எல்லோரும் கொல்லை வழியாக வருகிறவர்கள். இந்தச் சுவர் எழும்பிவிட்டால் எனக்குப் பேச்சுத்துணையாகக் குளிர்பதனப் பெட்டிதான்.

சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள்ளிருந்து ஒரு புல்லுக்கட்டு வந்தது. அதன் கீழே, தினமும் என் கொல்லையில் வந்து உட்காரும் வயல்காரி. வாய்க்காலிலிருந்து வீடு திரும்ப இந்த மனைதான் அவளுக்குக் குறுக்குவழி.

"என்னக்கா இது, செக்கு மாட்டுக்குக் கண்ணு கட்டுன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே புல்லுக்கட்டை அடுப்பு மேடைக்கு நடுவில் போட்டாள்.

"யாரு அது? செவத்துக்குள்ளேருந்து வர்றா?" காதில் அவர் குரல் பதறியது.

"நம்ம வயல்காரப் பொண்ணுதான் மச்சான். பின்பக்கமா வந்தா."

"அங்கதான் வாசலே இல்லயே!"

"வாசல் இல்லாட்டியும் வருவாங்க. இருந்தா நல்லபடியா வருவாங்க."

எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. வயல்காரி வானத்தைப் பார்த்தாள். நான் யாரோடு பேசுகிறேன் என்று தேடினாள்.

"திருட்டுப் பயத்துக்குத்தானே வேணாங்கறேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு, வழக்கம்போல நிறுத்தினார்.

எனக்கான இடம் அது. ஆமாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"மேடம், அங்க ஒரு கதவு வைங்க. இரும்புக் கதவா வைங்க" என்றார் கடைசியில், இன்ஜினியர் பெண்ணிடம்.

அவள் விரலால் எதையோ தட்டினாள். சுவரில் அழகான பச்சைக் கதவு முளைத்தது. நான் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயல்காரி புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பக்கத்துச் சுவர் வழியாகப் போனாள்.