முப்பது பொம்மை உடைத்த பெண்

விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அமிர்தத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளைக்குப் போகுமுன் சுடாத ஒவ்வொரு பச்சைப் பொம்மையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விரிசல் இருந்தால் ஒதுக்கிவிடுவாள். ஒதுக்கியதை உடைத்து மண்தொட்டியில் ஊறப்போடுவது, லீவு நாளில் அவள் கூடவே வரும் மகள் தென்றலின் வேலை. தாயும் மகளும் ஒருவரையும் அதட்டிப் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட பெண் படிக்கும் பள்ளிக்குத்தான் ஆராய்ச்சியாளர் ஆனந்தராஜ் வந்து இறங்கினார். வளரும் ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகளின் மூர்க்கத்தை அளக்கப்போகிறாராம். நாற்பது கேள்வி அச்சடித்த தாளே அவருடைய தராசு. வாத்தியார் பிரம்போடு சுற்றிவர, பத்தாம் வகுப்பு உட்கார்ந்து எழுதியது. போன மாதம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் கண்ணாடியைக் கல்லால் அடித்த பாண்டியன், பிரம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டான். பூஜ்யம் வாங்கிப் பரம சாது ஆனான்.

தென்றலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பொருட்களை உடைப்பாயா? ‘அடிக்கடி.’ வாரத்தில் எத்தனை? ‘முப்பது.’ உடைத்தபின் வருந்துவாயா? ‘இல்லை.’ பள்ளியிலேயே அதிக மூர்க்கம் அவளுக்குத்தான் என்று கணக்கு வந்தது. கடலூர் விடுதியில் சேர்ந்து ப்ளஸ் ஒன் படிக்க நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அதைத் தரமுடியாது என்று தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார்.

கையில் மண் காயாமலே பள்ளிக்கு, ஆனந்தராஜிடம் ஓடினாள் அமிர்தம்.

“அது பட்டறை வேலைங்க சார். விரிசல் உட்ட பொம்மைய உடைக்காம என்னங்க பண்றது?”

“காரணம் எழுத இதுல இடம் இல்லைங்கம்மா,” என்றார் ஆனந்தராஜ்.

“புள்ளயக் கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க.”

“அப்படிக் கேட்டா அது ஆராய்ச்சி ஆவாதுங்க.”

இத்தனை படித்துவிட்டு இப்படிப் பேசுகிற மனிதனைப் பார்க்க அமிர்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேஜை மேலிருந்த மகளின் தாளை எடுத்தாள். பழக்கதோஷத்தில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டாகக் கிழித்தாள். போட மண்தொட்டி இல்லாததால் மேஜை மேலேயே வைத்தாள்.

ஆனந்தராஜ் பதறவில்லை. கிழிந்த பாதியை இழுத்து, ஓரத்தில் பேனாவால் எழுதினார். ‘காரணம்: தாய்.’

அமிர்தம் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“எடம் இருக்குதே சார்,” என்றாள்.